ஜன்னல்காரரின் கால்கள்

“மாமா, உங்களுக்குக் கால் இருக்கா?”

பல வருஷங்களுக்கு முன் ஒரு குழந்தை கேட்ட கேள்வி இது. ரயில் நிலையத்தின் இரண்டாம் டிக்கெட் ஜன்னலில், அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு கேட்டது. வாரத்துக்கு ஒருமுறை வருகிற குழந்தை. வரும்போதெல்லாம் அது கண்ணாடிக்கு உள்ளே பார்த்தது ஒரு தலை, ஒரு சட்டை, இரண்டு கை. மிச்சத்தைப் பற்றி அதற்குச் சந்தேகம் வந்ததில் தப்பே இல்லை.

“இருந்துச்சும்மா. இங்க அதுக்கு வேலை இல்லை. வீட்டிலேயே விட்டுட்டு வந்துட்டேன்,” என்றார் அவர்.

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். குழந்தை மட்டும் சிரிக்காமல், “பாவம்,” என்றது.

இருபத்தாறு வருஷம் அதே ஜன்னல், அதே நாற்காலி. அதனால் ஸ்டேஷனில் அவருக்குப் பெயரே ஜன்னல்காரர் என்று ஆகிவிட்டது. ஊர் ஊராக ஜனங்களை அனுப்பிவைப்பார். தான் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கமாட்டார். டீ கூட இருக்கும் இடத்துக்கே வந்துவிடும். வீட்டில் அவர் மனைவி அதற்கு ஒரு படி மேல். மனுஷன் நாளெல்லாம் உழைத்துவிட்டு வருகிறார் என்று தண்ணீரைக் கையில் கொடுப்பாள், பேப்பரை மடியில் வைப்பாள், செருப்பைக் காலடியில் கொண்டுவந்து போடுவாள். அவளுக்குத் தெரிந்த அன்பு அதுதான்.

ஐம்பத்திரண்டாவது வயதில் அவருக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. ஏழு மாதம் மருந்துகள் ஏறின. முடி கொட்டியது, சட்டை தொங்கியது. ஆனால் நோய் அடங்கிவிட்டது. அப்போதுதான் பெரிய டாக்டர் கணவன், மனைவி இரண்டு பேரையும் எதிரே உட்காரவைத்துப் பேசினார்.

“உங்க தங்கச்சியோட ஸ்டெம் செல் உங்களுக்கு நல்லாப் பொருந்துது. அதை உங்களுக்கு ஏத்தணும். நோய் இப்ப தூங்குது. தூங்கும்போதே வேலையை முடிச்சிடணும். ஆனா அதுக்கு முன்னாடி கடுமையான மருந்து குடுப்போம். மூணு, நாலு வாரம் ஒரே அறைக்குள்ள இருக்கணும். அதைத் தாங்குற தெம்பு இப்ப உங்க உடம்புல இல்லை.”

“தெம்புக்கு என்ன டானிக் டாக்டர்?” என்று கேட்டாள் மனைவி.

“நடைதாம்மா டானிக். நாலு வாரம் பயிற்சி. கடைசியில ஒரு பரீட்சை. ஆறு நிமிஷத்துல நானூறு மீட்டர் நடந்துட்டா தேதி குறிக்கிறேன். இல்லேன்னா தள்ளிப் போடவேண்டி வரும்.”

“தள்ளிப் போட்டா?”

டாக்டர் பேனாவை மூடினார். “தூங்குறவன் எப்ப முழிப்பான்னு யாருக்கும்மா தெரியும்?”

இருவரும் பயிற்சிக் கூடத்துக்குப் போனார்கள். அங்கே இருந்த பிசியோதெரபிஸ்ட் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. கழுத்தில் விசில் மாதிரி ஒரு ஸ்டாப்வாட்ச், கையில் ஒரு அட்டை. வருகிற நோயாளிகள் எல்லோரும் அவளை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் நாள் அவள் ஜன்னல்காரரைக் கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்காரவைத்து, கையை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து எழுந்து உட்காரச் சொன்னாள். அரை நிமிஷத்தில் ஆறு தடவை எழுந்தார். ஏழாவது தடவை பாதி எழுந்து, யோசித்து, உட்கார்ந்துவிட்டார். நடையில் இருநூற்று அறுபது மீட்டர் வந்தது.

“வெள்ளம் வர்றதுக்கு முன்னாடி கரையை உயர்த்தணும் சார். வந்தப்புறம் மண்ணு அள்ள முடியாது,” என்றாள் அவள். “அந்த அறைக்குள்ள உங்க கால்ல இருக்கிற சதை கரையும். கரையறதுக்கு முதல்ல சதை இருக்கணுமில்ல?”

பிறகு அடி எண்ணும் ஒரு பட்டையைக் கொடுத்தாள். கையில் கட்டிக்கொண்டால் போதும், ஒரு நாளில் எத்தனை அடி நடந்தோம் என்று அது மணிவாரியாகக் கணக்கு வைக்கும். “காய்ச்சல் இருந்தாலோ, ரத்தத்துல அணுக்கள் ரொம்பக் குறைஞ்சிருந்தாலோ நடக்க வேண்டாம், எனக்கு ஃபோன் பண்ணுங்க. மத்தபடி முதல் வாரம் தினம் மூவாயிரம் அடி. அப்புறம் கூட்டுவோம்.”

மனைவி பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போய்வந்தாலே மூச்சு வாங்குகிற மனுஷன் மூவாயிரம் அடியா? முதல் நாள் மாடி வராந்தாவில் நடந்தவர் நூற்றைம்பதாவது அடியில் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவள் ஓடிவந்து தாங்கிக்கொண்டு, அவர் கையிலிருந்த பட்டையைக் கழற்றித் தன் கையில் மாட்டிக்கொண்டாள்.

“நீங்க படுங்க. மிச்சத்தை நான் நடந்துட்டு வர்றேன்.”

“அது எப்படிடி சரியாகும்?”

“ஏன் ஆகாது? அவங்களுக்கு எண்ணிக்கை வேணும், வந்துடும். உங்களுக்கு ஓய்வு வேணும், அதுவும் வந்துடும்.”

அவர் இரண்டொரு முறை வேண்டாம் என்றார். பிறகு பேசாமல் படுத்துக்கொண்டார். விழுந்துவிடுவோமோ என்ற பயம் அவருக்கு இருந்தது. பயந்த மனசுக்கு அன்பு எந்த வடிவில் வந்தாலும் சாய்ந்துகொள்ளத் தோன்றும்.

இரண்டு வாரம் அப்படியே ஓடியது. அவள் விடியற்காலையில் நடந்தாள், கடைக்குப் போகும்போது நடந்தாள், அடுப்பில் பால் கொதிக்கும்வரை சமையலறைக்குள்ளேயே நடந்தாள். ஊரிலிருந்து தங்கை ஃபோனில், “அண்ணா, நல்லா நடக்குறியாமே? அண்ணி சொன்னாங்க. என் செல் உள்ள வந்தா நீயும் என்னை மாதிரி வாயாடி ஆயிடுவே, பார்த்துக்கோ,” என்று சிரித்தாள். அவர் சிரிக்க முயன்றார். தங்கையிடம் உண்மையைச் சொல்லாமல் ஃபோனை மனைவியிடம் நீட்டிவிட்டார்.

மூன்றாம் வாரத் தொடக்கத்தில் டீச்சரம்மா பட்டையின் கணக்கைக் கம்ப்யூட்டரில் திறந்தாள். பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

“சார், தினம் ஒன்பதாயிரம் அடி. இந்தக் கூடத்துல இதுவரைக்கும் யாரும் செஞ்சதில்லை.”

அவள் திரையை ஜன்னல்காரர் பக்கம் திருப்பினாள்.

“ஆனா போன வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நீங்க இந்த ஆஸ்பத்திரி மேல் மாடியில படுத்துக்கிட்டு ரத்தம் ஏத்திக்கிட்டிருந்தீங்க. நானே வந்து பார்த்தேன். அதே ஒரு மணி நேரத்துல ரெண்டாயிரத்து நூறு அடி நடந்திருக்கீங்க. கட்டிலோட நடந்தீங்களா?”

அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்த தையல்காரர் எண்ணிக்கையை விட்டுவிட்டார். ஒல்லியான மனிதர், வயது நாற்பத்தைந்து. அவருக்கும் இதே நோய், இதே சிகிச்சைக்குத்தான் காத்திருந்தார். எதைப் பார்த்தாலும் கண்ணாலேயே அளவு எடுக்கிற பழக்கம் அவருக்கு.

ஜன்னல்காரரின் மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். “நான்தாம்மா நடந்தேன். ஆஸ்பத்திரியைச் சுத்திச் சுத்தி வந்தேன். அவர் நடந்தா என்ன, நான் நடந்தா என்ன? ஒரே வீட்டு ஆளுங்கதானே.”

டீச்சரம்மா அந்தக் கைப்பிடியில்லாத நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள். “கொஞ்சம் உக்காருங்கம்மா. கையைக் கட்டிக்கிட்டு எழுந்து எழுந்து உக்காருங்க.”

மனைவி அரை நிமிஷத்தில் இருபத்தொரு தடவை எழுந்தாள். மூச்சுகூட வாங்கவில்லை. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. “என் முழங்கால் வலி எங்க போச்சு?”

“போயிடுச்சு. உங்களுக்கு நாளைக்கே செல் ஏத்தலாம், அவ்வளவு தெம்பு. ஆனா நோய் உங்களுக்கு இல்லையேம்மா,” என்றாள் டீச்சரம்மா.

திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். இது தாங்கவில்லை. சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். தையல்காரர் மெதுவாக, “அம்மா, ஒருத்தருக்கு அளவெடுத்த சட்டையை இன்னொருத்தர் போட்டுப் பார்த்தா எப்படிச் சேரும்?” என்றார். ஜன்னல்காரர் தானாகவே கையை நீட்டினார். பட்டை அவர் கைக்குத் திரும்பியது.

இருந்தது இரண்டே வாரம்.

அன்று மாலை வீட்டில் ஒரு புரட்சி நடந்தது. அவர், “கொஞ்சம் தண்ணி குடேன்,” என்றார். அவள் சொம்பை எடுத்தாள், இரண்டடி வைத்தாள், நின்றாள். திரும்பிப் போய்ச் சமையலறை மேடையில் வைத்துவிட்டாள்.

“இங்க இருக்கு. வந்து குடிங்க.”

“தாகமா இருக்குடி.”

“தாகம் இருந்தா கால் வரும்.”

சொல்லிவிட்டாளே தவிர, அவர் சுவரைப் பிடித்துப் பிடித்து வருவதை அவளால் பார்க்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். முப்பது வருஷமாகக் கொடுத்தே பழகிய கை, கொடுக்காமல் இருக்க அன்றுதான் கற்றது. கொடுப்பதைவிட அது கஷ்டம். ஆனால் கடவுள் சில சமயம் நம்மிடம் கேட்பது அந்தக் கஷ்டத்தைத்தான்.

மறுநாள் பேப்பர் மாடிப்படியின் உச்சியில் இருந்தது. மூக்குக்கண்ணாடி வாசல் அலமாரியில். டீ பின்கட்டில். “எங்க ஸ்டேஷன்ல பார்சல்கூட இவ்வளவு அலையாது,” என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் நடந்தார். நாளுக்கு எண்ணூறு அடி ஆயிரத்தைந்நூறு ஆனது. பிறகு மூவாயிரம். காய்ச்சல் எட்டிப்பார்த்த ஒரு நாள் டீச்சரம்மா ஃபோனிலேயே ஓய்வு என்று சொன்னாள். அன்று அவருக்குக் கால் பரபரத்தது. நாற்காலியிலிருந்து எழுவது பத்து, பன்னிரண்டு என்று ஏறியது. கூடத்தில் தையல்காரர் அவருடைய பேன்ட்டை ஒரு பார்வை பார்த்து, “ஸ்டேஷன் சார், போன வாரம் தொடையில துணி காத்துல ஆடுச்சு. இன்னைக்கு அரை அங்குலம் உள்ள ஆள் இருக்கார்,” என்றார். அந்த அரை அங்குலத்துக்காக ஜன்னல்காரர் அன்று கூடுதலாக இரண்டு சுற்று நடந்தார்.

அவரும் தையல்காரரும் சேர்ந்து நடக்கும்போது பேச்சுக்குக் குறைவில்லை. “அந்த அறைக்குள்ள நாலு வாரம் என்ன பண்றது?” என்று கேட்டார் ஜன்னல்காரர்.

“என் தம்பி செல் எனக்கு வருது. அவன் மகா சோம்பேறி. அது உள்ள வந்து வேலை செய்யுதான்னு கண்காணிக்கவே எனக்கு நாலு வாரம் சரியாயிடும்,” என்றார் தையல்காரர்.

பரீட்சை நாள் வந்தது. இருவருக்கும் ஒரே நாள். கூடத்துக்கு வெளியே போகும் நீளமான நடைபாதையில்தான் பரீட்சை. முப்பது மீட்டர் இடைவெளியில் ஆளுக்கொரு பக்கம் காவல் நிற்பது போல இரண்டு ஆரஞ்சுக் கூம்புகள். ஒன்பது மணி தையல்காரருக்கு, ஒன்பது நாற்பது ஜன்னல்காரருக்கு.

ஜன்னல்காரர் வந்து உட்கார்ந்திருந்தார். கையில் கட்டிய பட்டையை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார். கடைசியாக வீட்டில் நடந்து பார்த்தபோது நானூறுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வந்திருந்தது. மனைவி வாய்க்குள்ளேயே எதையோ வேண்டிக்கொண்டிருந்தாள். தையல்காரர் இருவரையும் பார்த்தார். பிறகு எழுந்து டீச்சரம்மாவிடம் போனார்.

“நான் பழைய தையல் மெஷின் மாதிரி. சூடாக நேரமாகும். ஸ்டேஷன் சாரை முதல்ல அனுப்புங்க.”

டீச்சரம்மா அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். “நிச்சயமாவா?”

“நிச்சயமாதான்.”

ஜன்னல்காரர் நடந்தார். அந்த நேரத்தில் நடைபாதையில் ஈ, காக்கைகூட இல்லை. கூட நடக்கவோ, கை தட்டவோ கூடாது என்பது பரீட்சை விதி. நிமிஷத்துக்கு ஒருமுறை டீச்சரம்மா ஒரே குரலில், “நல்லா நடக்கறீங்க. இன்னும் அஞ்சு நிமிஷம்,” என்பாள், பிறகு நான்கு, பிறகு மூன்று. நான்காவது நிமிஷத்தில் கால் கல்லானது. முன்னே ஒரு கூம்பு, திரும்பினால் இன்னொரு கூம்பு. அவர் வேறு எதையும் நினைக்கவில்லை. அடுத்த கூம்பை மட்டும் நினைத்தார்.

“நில்லுங்க.”

கூம்புக்குக் கூம்பு பதின்மூன்று முறை முழுசாக, அதற்கு மேல் பதினாறு மீட்டர். நானூற்று ஆறு.

மனைவி சுவரில் சாய்ந்துகொண்டாள். “இவர் நடந்ததுதானே? நான் நடக்கலையே?” என்று கேட்டாள். டீச்சரம்மா சிரித்த சிரிப்பு மூன்றாவது வார்டுவரை கேட்டிருக்கும். பெரிய டாக்டர் அன்றே தேதி குறித்தார்: அடுத்த புதன்கிழமை உள்ளே வரவேண்டும். தங்கைக்கு ஃபோன் போனது. அவள், “டிக்கெட் நீயே போட்டுக் குடு அண்ணா. ஜன்னலோரம் வேணும்,” என்றாள்.

இரண்டு நாள் கழித்துத்தான் அவருக்கு விஷயம் தெரிந்தது. ஒரு சந்தேகம் கேட்க டீச்சரம்மாவுக்கு ஃபோன் செய்தவர், “நம்ம தையல்காரருக்கு எப்போ தேதி?” என்று கேட்டார்.

“அவருக்கு வரலை சார். முந்நூத்து எழுபத்தெட்டுதான். செவ்வாய்க்கிழமை திரும்ப நடக்கணும்.”

“அவர் என்னைவிட நல்லா நடப்பாரேம்மா.”

“நடப்பார். ஆனா ஒன்பதரைக்கு லேப்ல ரிப்போர்ட் குடுக்க ஆரம்பிச்சிடுவாங்க. வாங்கினவங்க எல்லாம் குறுக்கு வழின்னு அந்த நடைபாதையிலதான் வருவாங்க. சக்கர நாற்காலி வேற. நானும் மேல எழுதிக் கேட்டுட்டேன். பொது வழி, மூட முடியாதுன்னுட்டாங்க. அவர் மூணு தடவை நின்னு வழி விட்டார்.”

“கூட்டம் வரும்னு அவருக்குத் தெரியாதா?”

“இது அவருக்கு ரெண்டாவது தடவை சார். முதல் தடவையும் அந்தக் கூட்டத்துலதான் கோட்டை விட்டார்.”

ஜன்னல்காரர் ஃபோனை வைத்தார். பழைய மெஷினாம், சூடாக வேண்டுமாம். செவ்வாய்க்கிழமை என்ன நேரம் என்று கேட்கத் தோன்றி, மறுபடியும் ஃபோன் செய்தார். ஒன்பது மணி, தூரத்திலிருந்து வரும் ஒரு புது நோயாளிக்குப் போய்விட்டது. தையல்காரருக்கு ஒன்பது நாற்பதுதான்.

செவ்வாய்க்கிழமை கடைசி ரத்தப் பரிசோதனைக்கு அவர் எப்படியும் வரவேண்டியிருந்தது. ரத்தம் கொடுத்துவிட்டு, மருந்து வாங்க மனைவியை அனுப்பினார். “கூட்டமா இருக்கு, நீங்க இங்கேயே உக்காருங்க,” என்று சொல்லிவிட்டு அவள் போனாள். அவர் உட்காரவில்லை. முகக்கவசத்தை இழுத்துச் சரிசெய்துகொண்டு லேப் பக்கம் போனார். லேபுக்கும் நடைபாதைக்கும் நடுவே இரட்டைக் கதவு ஒன்று இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு கூம்புகள். இந்தப் பக்கம் காகிதத்தோடு முண்டியடிக்கிற ஜனம். அவர் கதவை மூடி, அதன் முன்னால், ஆள் மேல் படாத தூரத்தில் நின்றார்.

இருபத்தாறு வருஷமாகப் பண்டிகைக் கூட்டத்தையே ஒரு கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சமாளித்த குரல் அவருடையது. அதட்டாது, கெஞ்சாது. ஆனால் கேட்டவர்களுக்கு வரிசையில் நிற்கத் தோன்றிவிடும்.

“ரிப்போர்ட் வாங்க வர்றவங்க இடது சுவர் ஓரமா ஒரே வரிசை. வாங்கினவங்க வலது பக்கம் திரும்பி முன் வாசல் வழியாப் போங்க. அவசரம் வேண்டாம், எல்லாருக்கும் கிடைக்கும்.”

வரிசை தானாக நேரானது. பத்துப் பேர், இருபது பேர், வலது பக்கம் திரும்பிச் சுற்றுவழியில் போனார்கள். ஒருத்தர் மட்டும் மீசையை நீவிக்கொண்டு, “நீங்க யாருங்க சொல்றதுக்கு?” என்றார்.

“நானும் நோயாளிதாங்க. உங்க பின்னாடி நிக்கிறவர் ரொம்ப நேரமா உங்களுக்காகக் காத்திருக்கார், பாருங்க.”

மீசைக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு நகர்ந்தார். சக்கர நாற்காலியில் தாயைத் தள்ளிக்கொண்டு ஓர் இளைஞன் வந்தான். சுற்றுவழியில் படிகள் இருந்தன. ஜன்னல்காரர் குனிந்து அந்த அம்மாவிடமே கேட்டார்.

“ஒரு ஆறு நிமிஷம் பொறுத்துக்குவீங்களாம்மா? உள்ள ஒருத்தர் பரீட்சைல இருக்கார்.”

“உக்காந்து எழுதுறாரா?”

“நடந்து எழுதுறார்.”

“அப்ப நடக்கட்டும். எனக்கென்ன, உக்காந்துதானே இருக்கேன்,” என்றாள் அவள்.

கதவுக்கு அப்பால் டீச்சரம்மாவின் குரல் கேட்டது. நல்லா நடக்கறீங்க, இன்னும் அஞ்சு நிமிஷம். தையல்காரரின் ரப்பர் ஷூ ஒவ்வொரு கூம்பிலும் திரும்பும்போது கிறீச்சென்றது. ஜன்னல்காரர் அதை எண்ணிக்கொண்டே இந்தப் பக்கம் வழி சொன்னார். ஐந்து. இடது ஓரமா வாங்க. எட்டு. அப்படித் திரும்பிப் போங்கய்யா. அவர் தொடை எரிந்தது. கெண்டைக்கால் இழுத்தது. உட்கார ஒரு பெஞ்சு பக்கத்திலேயே காலியாக இருந்தது. அவர் நின்றார். பதினொன்று. பன்னிரண்டு. பதின்மூன்று கேட்டதும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

பதினான்கு.

“நில்லுங்க,” என்றாள் டீச்சரம்மா. அதற்குப் பின்னாலேயே தையல்காரரின் சிரிப்பு, இருமலோடு கலந்து, நடைபாதை முழுக்க எதிரொலித்தது.

ஜன்னல்காரர் கதவின் இரண்டு பக்கமும் விரியத் திறந்து, சக்கர நாற்காலிக்கு வழி விட்டார். டீச்சரம்மா தலை நிமிர்ந்து, இன்றைக்கு எங்கே போயிற்று அந்தக் கூட்டம் என்று யோசிப்பதற்குள், அவர் லேபின் மூலை திரும்பி, சுவரோரக் கைப்பிடியைத் தொடாமல் மருந்துக் கடைப் பக்கம் நடந்துவிட்டார்.